கண்ணை எண்ணுகிறார்கள், ஆளை எண்ணுவதில்லை

என் வலது கண்ணுக்கு ஏழு நிலா தெரியும். பௌர்ணமி அன்று மொட்டை மாடியில் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணியிருக்கிறேன். நடுவில் பளிச்சென்று ஒன்று, அதற்குக் கீழே வால் மாதிரி மங்கலாக ஆறு. எட்டு என்று சொன்னால் இன்னும் கெத்தாக இருக்கும், ஆனால் அக்கவுண்டன்சி படிக்கிறவன் கணக்கை ஊதிக் காட்டக் கூடாது. :-)

போன மாதம் செக்கப்புக்குப் போயிருந்தேன். இருட்டு அறையில் உட்கார வைத்து, கண்ணாடி ஃபிரேமில் ஒவ்வொரு வில்லையாக மாட்டி, எதிரே எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்து, "இது ஈ-யா இருக்கணும், இல்லன்னா எஃப்" என்று ஊகித்து ஊகித்து ஆறாவது வரி வரைக்கும் இறங்கிவிட்டேன். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "6/9 வருதே தம்பி! ரொம்ப ஸ்டேபிளா இருக்கு. அப்புறம் என்ன?" என்று ஃபைலில் எழுதி மூடிவிட்டார்.

அப்புறம் என்னவா? காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் போர்டில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் பக்கத்தில் இருக்கிறவன் நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். சாயங்காலம் ஆறரைக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் வருகிற வண்டியின் நம்பரைக் கேட்டுத்தான் ஏறுகிறேன். எதிரில் லைட் போட்டு வருகிற ஒரு பைக் எனக்கு ஒரு ஊர்வலம். இதெல்லாம் அந்த ஃபைலில் எந்தக் கட்டத்திலும் இல்லை. எழுதக் கட்டமே இல்லை.

டாக்டர் மேல் கோபமில்லை. அவர் நல்லவர், கை சுத்தம். என் சண்டை அந்த ஃபார்மை வடிவமைத்த மனநிலையோடு. அது அவருடையது இல்லை, உலகம் முழுக்க இந்த நோய்க்கு நடக்கும் ஆராய்ச்சியின் மனநிலை. "பி.காம் பையனுக்கு இதில் என்ன வேலை?" என்று என் மைக்ரோபயாலஜி நண்பன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். நான் கண்ணைப் பற்றி அல்ல, கணக்குப் புத்தகத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது என் பாடம்.

முதலில் மேட்டர் என்ன என்று தெரியாதவர்களுக்கு. கண்ணின் முன்பக்கம் இருக்கும் தெளிவான படலம் கார்னியா. அது எல்லாப் பக்கமும் சீராக வளைந்திருக்க வேண்டும். சிலருக்கு ஒரு திசையில் கூடுதலாகவும் அதற்கு நேர்குறுக்கே குறைவாகவும் வளைந்திருக்கும். அது சாதாரண அஸ்டிக்மாடிசம். கண்ணாடியில் 'சிலிண்டர் பவர்' போட்டால் சரியாகிவிடும். ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1820-களிலேயே தன் சொந்தக் கண்ணுக்காக அப்படி ஒரு கண்ணாடி செய்ய வைத்துக்கொண்டார்.

சீரற்ற அஸ்டிக்மாடிசம் வேறு ஜாதி. நெளிந்துபோன எவர்சில்வர் சொம்பில் முகம் பார்த்திருக்கிறீர்களா? மூக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம் போகும். கார்னியா அப்படி நெளிந்தால் எந்தக் கண்ணாடிக் கடைக்காரராலும் அதற்கு எதிர்வளைவு தேய்த்துத் தர முடியாது. காயத் தழும்பு, கண் ஆபரேஷன் என்று இதற்குக் காரணங்கள் பல. இளைஞர்களுக்கு வரும் முக்கியக் காரணம் கெரட்டோகோனஸ். பள்ளிக்கூட வயதில் கார்னியா மெலியத் தொடங்கிக் கூம்பு மாதிரி முன்னால் துருத்தும், முப்பது வயதை ஒட்டித்தான் பெரும்பாலும் அடங்கும். (கண்ணைக் கசக்குகிறவர்களுக்கு இது அதிகம். இதைப் படித்துக்கொண்டே கசக்குபவர்கள் தயவுசெய்து கையை எடுக்கவும்.)

இதற்கு வேலை செய்யும் பழைய வைத்தியம் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ். நம் ஊர்க் கடைகளில் 'செமி சாஃப்ட்' என்பார்கள், அதில் சாஃப்ட் எதுவும் கிடையாது. நெளிவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் கண்ணீர் போய் நிரம்பிக்கொள்ளும், சுவரின் பள்ளத்தில் பெயிண்டர் பட்டி பார்ப்பது மாதிரி. 1888-இல் ஃபிக், கால்ட் என்ற இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகக் கண்ணாடிச் சில்லுகளால் இதை முயன்று பார்த்தார்கள். கான்டாக்ட் லென்ஸ் பிறந்ததே இந்த மாதிரிக் கண்களுக்காகத்தான். அதைப் போட்டால் எனக்கும் ஒரே நிலாதான். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தூசி விழுந்தால் போதும், நடு ரோட்டில் இறங்கி அழ வேண்டியதுதான். நாலு மணி நேரத்துக்கு மேல் என்னால் தாங்க முடிவதில்லை.

இப்போது ஆராய்ச்சிக்கு வருகிறேன்.

2003-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வோலன்சாக், ஸ்போர்ல், சைலர் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கார்னியாவின் மேல்தோலை நீக்கி, ரைபோஃபிளேவின் சொட்டுகளை (வாய்ப்புண்ணுக்கு மாத்திரையாகத் தருவார்களே, அந்த வைட்டமின் பி2 தான்) ஊறவிட்டு, அதன்மேல் புற ஊதா ஒளி பாய்ச்சுவது. உள்ளே இருக்கும் கொலாஜன் இழைகளுக்குள் புதிதாகப் பிணைப்புகள் உண்டாகிக் கார்னியா இறுகுகிறது. கிராஸ் லிங்கிங் என்று பெயர். நோய் முன்னேறுவது நின்றது. கண் நோய்களில் இது ஒரு மைல்கல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிளஸ் டூ லீவில் அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டி என் வலது கண்ணுக்கும் இதைத்தான் செய்தார். அரை மணி நேரம் சொட்டு, அரை மணி நேரம் ஒளி, மூன்று நாள் நரகம். நோய் அன்றோடு நின்றுவிட்டது. அன்றைக்கு இருந்த ஏழு நிலாவோடு நின்றுவிட்டது.

அந்த 2003 கட்டுரையின் கணக்கைப் பாருங்கள்: 22 நோயாளிகள், 23 கண்கள். முடிவுகள் எல்லாம் கண் கணக்கில். 16 கண்களில் கூம்பின் உச்ச வளைவு சராசரியாக 2.01 டயாப்டர் குறைந்தது. முதல் முயற்சி என்பதால் விட்டுவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்களும் இதே லெட்ஜரைத்தான் எழுதினார்கள். யூனிட் கண், தொகை டயாப்டர். அந்தக் கண்ணுக்குப் பின்னால் இருக்கிறவன் பஸ் நம்பர் படித்தானா என்பது குறிப்பில் கூட வராது.

இந்தத் துறையின் செல்லக் குழந்தை 'கே-மேக்ஸ்' என்கிற எண். கார்னியா வரைபடத்தில் எந்த ஒரு புள்ளி மிகச் செங்குத்தாக இருக்கிறதோ, அந்தப் புள்ளியின் அளவு அது. ஒரே ஒரு புள்ளி! ஒரு கம்பெனி எப்படி நடக்கிறது என்று கேட்டால், வருஷத்தில் ஒரு நாள் மத்தியானம் அதன் ஷேர் தொட்ட உச்ச விலையை மட்டும் சொல்வது மாதிரி. அதுவும் நோய் முற்றிய கண்ணில் ஒரே நாளில் ஒரே மிஷினில் இரண்டு முறை எடுத்தாலே இந்த எண் ஒரு டயாப்டருக்கு மேல் மாறலாம். அளவெடுக்கும் கோலே அவ்வளவு ஆடும்போது அந்த ஒரு டயாப்டரை வைத்துத்தான் வெற்றி தோல்வி பேசுகிறார்கள்.

நான் மிகைப்படுத்தவில்லை. அமெரிக்காவில் கிராஸ் லிங்கிங்குக்கு அனுமதி வாங்கித் தந்த பெரிய சோதனையின் அறிக்கை 2017-இல் வெளியானது. 205 கெரட்டோகோனஸ் நோயாளிகள். சிகிச்சை பெற்ற கண்களில் ஒரு வருடத்தில் கே-மேக்ஸ் 1.6 டயாப்டர் குறைந்தது, பெறாத கண்களில் 1.0 டயாப்டர் கூடியது. இரண்டு தரப்புக்கும் இடையே ஒரு டயாப்டராவது வித்தியாசம் வேண்டும் என்பதுதான் வெற்றிக்கு வைத்த கோடு. தாண்டியாயிற்று, பாஸ்.

இதில் ஆடிட்டிங் படித்தவனின் கண்ணை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. சிகிச்சை தராத தரப்பினர் மூன்று மாதம் கழித்து விரும்பினால் சிகிச்சை வாங்கிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். பெரும்பாலோர் வாங்கிக்கொண்டார்கள். யார்தான் மாட்டார்கள்? அப்புறம் ஒரு வருடக் கணக்குக்கு எங்கே போவது? கடைசியாக எடுத்த அளவை அப்படியே 'கேரி ஃபார்வர்டு' செய்து ஒரு வருட நெடுவரிசையில் எழுதினார்கள். நேர்மையாகச் சொல்கிறேன், இது சிகிச்சைக்குச் சாதகமான தில்லுமுல்லு இல்லை. நோய் ஏறிக்கொண்டே போகக்கூடியது என்பதால், பழைய அளவை இழுத்துவந்தால் வித்தியாசம் குறைவாகத்தான் தெரியும். ஆகவே 'மோசடி' என்று கூவ நான் வரவில்லை. நோயாளியைக் காக்க வைக்காததும் சரிதான். ஆனால் இவ்வளவு சிரமப்பட்டு, இவ்வளவு ஒட்டுப்போட்டுக் காப்பாற்றிய அந்த ஒரு எண், நோயாளிக்கு ஏதாவது ஆகும் எண்ணா என்பதுதான் என் கேள்வி.

"பேஷன்ட் சொல்றது சப்ஜெக்டிவ்டா. ஒருத்தன் ஏழு நிலாம்பான், ஒருத்தன் மூணும்பான். மிஷின் பொய் சொல்லாது" என்கிறான் மைக்ரோபயாலஜி. மிஷின் எவ்வளவு ஆடும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். அவனுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. அதுவும் ஆராய்ச்சியிலிருந்தே.

1995-இல் அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் பணம் கொடுத்து 'கிளெக்' என்ற ஆய்வைத் தொடங்கியது. 16 மையங்கள், 1,209 கெரட்டோகோனஸ் நோயாளிகள், எட்டு வருடம் தொடர் கவனிப்பு. எந்த மருந்தையும் விற்பதற்காக நடந்ததில்லை. அதில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நோயாளிகளிடம் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று ஒழுங்கான கேள்வித்தாள் வைத்துக் கேட்டார்கள். 2004-இல் வந்த முடிவு என்ன தெரியுமா? பார்வை சார்ந்த வாழ்க்கைத் தரத்தில் இவர்கள் பெற்ற மதிப்பெண், வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி அழியும் நோயின் நடுக்கட்டத்துக்கும் முற்றிய கட்டத்துக்கும் இடையே இருந்தது. கண் வலியில் அந்த முதியவர்களை விடவும் மோசம். எழுத்துப் பலகையில் ஓரளவு நன்றாகவே படிக்கிற இளைஞர்கள் இவர்கள்! பலகைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் என்று 2004-லேயே தெரிந்தாகிவிட்டது. அதற்கப்புறம் வந்த சோதனைகள் எதை முதன்மை அளவாக வைத்திருக்க வேண்டும்?

எழுத்துப் பலகை ஏன் ஏமாற்றுகிறது என்பதும் ரகசியமில்லை. வெள்ளைப் பின்னணியில் கொட்டை கறுப்பு எழுத்து, இருட்டு அறை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஓர் எழுத்துக்குப் பக்கத்தில் அதன் நாலு பேய்கள் நின்றாலும் மூளை கூட்டிக் கழித்து 'ஈ' என்று கண்டுபிடித்துவிடும். மங்கலான சாக்பீஸ் எழுத்து, மழை நேரத்து ரோடு, ஓடுகிற பஸ் எதுவும் அப்படி உட்கார்ந்து போஸ் கொடுக்காது.

எண்ணிக்கையில் இன்னொரு கூத்தும் இருக்கிறது, காமர்ஸ் மக்கள் கவனிக்கவும். அமெரிக்காவில் 2 லட்சம் பேருக்குக் குறைவாக இருக்கும் நோய்க்கு மருந்து கொண்டுவந்தால் அது 'அனாதை மருந்து'. அனுமதி கிடைத்ததிலிருந்து ஏழு வருடம் வேறு யாரும் அதே நோய்க்கு அதே மருந்தைக் கொண்டு போட்டிக்கு வர முடியாது. ரைபோஃபிளேவின் சொட்டுக்கு அவேட்ரோ என்ற கம்பெனி 2011-இல் இந்தத் தகுதியைப் பெற்றது, 2016 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது, 2019-இல் கம்பெனியையே கிளாக்கோஸ் என்ற பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. கெரட்டோகோனஸ் அவ்வளவு அபூர்வமா? மின்னசோட்டா மாநிலத்தில் பழைய மருத்துவப் பதிவேடுகளை வைத்து எடுத்து 1986-இல் வெளியான கணக்குப்படி லட்சத்துக்கு 54.5 பேர். அமெரிக்காவின் 2010 மக்கள்தொகையான 31 கோடியோடு பெருக்குங்கள். சுமார் 1.7 லட்சம் வரும், கோட்டுக்குள் அழகாக அடங்கும். ஆனால் நெதர்லாந்தில் 44 லட்சம் பேரின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்து 2017-இல் சொன்ன கணக்கு 375 பேருக்கு ஒருவர். அதே வீதத்தை அமெரிக்காவுக்குப் போட்டால் 8 லட்சத்துக்கும் மேலே. ஊருக்கு ஊர் வீதம் மாறும்தான், இருந்தாலும் அனாதை என்று பெயர் வைத்த பிள்ளைக்கு இத்தனை சொந்தக்காரர்களா! நம் நாட்டில் மகாராஷ்டிரக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2009-இல் 2.3 சதவீதம் என்றது. அது விரிவான வரைபடம் எடுக்காமல் வளைவு 48 டயாப்டரைத் தாண்டினாலே நோய் என்று எண்ணிய கணக்கு, அதனால் நான் அதைப் பாதியாகவே எடுத்துக்கொள்கிறேன். பாதி என்றாலும் அதிர்ச்சிதான்.

கிராஸ் லிங்கிங் நோயை நிறுத்தும் என்பதற்கு நல்ல சாட்சி இல்லையா என்றால், இருக்கிறது. 2015-இல் காக்ரேன் அமைப்பு உலகத்தில் நடந்த சோதனைகளை அலசி, ஒழுங்காக நடந்தவை மூன்றே மூன்று சின்னச் சோதனைகள், ஆதாரம் போதவில்லை என்று உதட்டைப் பிதுக்கியது. அதன்பிறகு பிரிட்டனில் 10 முதல் 16 வயது வரையுள்ள 60 பேரை வைத்து 'கெராலிங்க்' என்ற சோதனை நடந்தது. 2021-இல் முடிவு வந்தது: 18 மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 7 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 43 சதவீதத்தினருக்கும் நோய் முன்னேறியது. இதைப் படித்த பிறகும் பள்ளிப் பிள்ளைக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்கிறவனை நான் நண்பனாக வைத்துக்கொள்ள மாட்டேன். நிறுத்துவதில் ஜெயித்துவிட்டார்கள். நின்ற இடத்தில் மாட்டிக்கொண்டவனுக்கு என்ன செய்வது என்கிற இடத்தில்தான் கணக்கு பல்லிளிக்கிறது.

ஏனென்றால் நெளிவைச் சமன்படுத்துகிறோம் என்று வரும் வைத்தியங்கள் இன்னும் மெல்லிய சாட்சியோடுதான் வருகின்றன. கார்னியாவுக்குள் பிளாஸ்டிக் வளையத் துண்டு செருகும் 'இன்டாக்ஸ்' முறைக்கு அமெரிக்காவில் 2004-இல் கெரட்டோகோனஸுக்காகக் கிடைத்தது மனிதாபிமானச் சலுகை அனுமதி. அந்த வகை அனுமதிக்கு ஆபத்தில்லை, பயன் இருக்கக்கூடும் என்று காட்டினால் போதும், பயனை முழுமையாக நிரூபிக்கத் தேவையில்லை. பிளாஸ்டிக்குக்குப் பதிலாகத் தானமாக வந்த கார்னியாவிலிருந்தே வளையத் துண்டு வெட்டி வைக்கும் 'கெய்ர்ஸ்' முறையைச் சென்னையில் டாக்டர் சூசன் ஜேக்கப் உருவாக்கினார். 2018-இல் கட்டுரை வந்தது, இன்று வெளிநாடுகளிலும் செய்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அட்டகாசமான ஐடியா. நம் ஊரிலிருந்து போனது என்று எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த முதல் கட்டுரையில் 20 பேர், 24 கண்கள், ஒப்பிட எதிர்த்தரப்பு கிடையாது. முதல் கட்டுரை அப்படித்தான் இருக்கும். எந்த முறைக்கும் இரண்டாவது, மூன்றாவது கட்டுரைகளும் அப்படியே வரும்போதுதான் எனக்கு வயிறு கலங்குகிறது, ஏனென்றால் என் வலது கண்ணுக்கு மே மாதம் வளையம் வைக்கலாம் என்கிறார் டாக்டர்.

'வாழ்க்கையை அளக்கக் கருவி இல்லை' என்கிற சாக்கும் செல்லாது. கெரட்டோகோனஸ் நோயாளிகளுக்கென்றே 'கோர்க்' என்ற கேள்வித்தாளை ஆஸ்திரேலியாவில் உருவாக்கி 2017-இல் அதைப் பரிசோதித்தும் காட்டிவிட்டார்கள். என்னென்ன வேலை செய்ய முடியவில்லை என்பது ஒரு பகுதி, என்னென்ன தொந்தரவு என்பது இன்னொரு பகுதி. சிட்னி பல்கலைக்கழகத்தின் கண் நிறுவனம் நடத்தும் நோயாளிப் பதிவேட்டில் அதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். அதைச் சோதனைகளின் முதல் வரியில் போடுங்கள், கே-மேக்ஸைக் கீழே இறக்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இப்போதெல்லாம் சில சோதனைகளில் வாழ்க்கைத் தரத்தையும் கேட்கிறார்கள், ஆனால் இரண்டாம் வரிசையில், கல்யாணப் பந்தியில் கடைசியாக வரும் ரசம் மாதிரி. கேள்விகளை எழுதும்போது எங்களில் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைக்கட்டும். ஆள் கணக்கில் எழுதட்டும்: இத்தனை பேரில் இத்தனை பேர் லென்ஸ் இல்லாமல் ஒரு நாள் ஓட்டினார்கள், இத்தனை பேர் லென்ஸை அதிக நேரம் தாங்கினார்கள், இத்தனை பேர் இருட்டில் தனியாக ரோடு கடந்தார்கள்.

கிளம்பும்போது வாசலில் நின்று டாக்டரிடம் கேட்டேன். "டாக்டர், இந்த வளையம் வச்சவங்கள்ல எத்தனை பேர் அதுக்கப்புறம் ராத்திரி வண்டி ஓட்டுறாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "அதையெல்லாம் யாரு தம்பி எழுதி வைக்கிறா? கே-மேக்ஸ் எவ்வளவு குறையும்னு வேணா சொல்றேன்." ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நல்ல கேள்விதான்" என்றார். அப்புறம் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மே மாதத்துக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்' என்று எழுதியிருக்கிறேன். போர்டில் தப்பாகப் படித்த எண்கள், லென்ஸ் தாங்கிய மணி நேரம், கேட்டு ஏறிய பஸ்கள். முதல் வரி, நிலா: 7.